திடலில் இழுத்த கரைமடி

லூர்து மேரி மீன் கொண்டுவரும் ஸ்கூட்டருக்கு ஹாரன் உண்டு. அதை அவள் அடிப்பதில்லை. ரெகொபோத் நகர் முதல் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, "சாளே, நெத்திலியே" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பாள். அவ்வளவுதான். கடைசித் தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட வாயைக் கொப்பளித்துவிட்டுப் பாத்திரத்தைத் தேடுவார். அந்தக் குரல் முருகன்குறிச்சி வரைக்கும் கேட்கும் என்பார் லில்லி டீச்சர். டீச்சர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். இதை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை.

உவரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. புருஷன் சிலுவைமுத்துவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வந்தால் வருவான், வராவிட்டால் போன் வரும். ஒரே மகள் வினோலியா நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று பாளையங்கோட்டைக்குக் குடிவந்தாள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில்தான் விழ வேண்டும். பள்ளிக்கூடம் சுலபமாகக் கிடைத்தது. கிடைத்த கொஞ்ச நாளிலேயே பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வினோலியாவுக்கும் அம்மாவின் தொண்டைதான். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையிடம், "ஏட்டி, அந்த ரப்பரக் கொஞ்சம் தா" என்று கேட்டிருக்கிறாள். கேட்ட சத்தத்துக்கும் அந்தக் கடற்கரை ராகத்துக்கும் வகுப்பே சிரித்துவிட்டது. அன்றைக்கு மூடிய வாய். பத்து வயதுப் பிள்ளை, வீட்டில்கூடத் தலையாட்டல்தான், கைச்சாடைதான். கடலுக்குப் போனவன் குரலுக்குக் காத்திருப்பது லூர்து மேரிக்குப் பழகிய விஷயம். அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் குரலுக்குக் காத்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தது விளையாட்டுத் திடல். ரெகொபோத் நகருக்கு நடுவில் வேப்பமரம், ஊஞ்சல், ஒரு சறுக்கு, சுற்றிவரக் கல் கட்டி நடுவே நிறைய மணல் என்று ஒரு திடல் உண்டு. மணலைக் கண்டதும் வினோலியாவின் கால் தானாக இறங்கிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளோடு கல்லா மண்ணா விளையாடிக்கொண்டிருந்தவள், ஏமாற்றிய ஒரு பயலைப் பார்த்து, "ஏல, நீ மண்ணுலதான நிக்க, யார ஏமாத்துத" என்று போட்டாள் ஒரு சத்தம். லூர்து மேரி அப்போது பக்கத்துத் தெருவில் லில்லி டீச்சருக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றுவிட்டது.

"டீச்சர், கேட்டியளா?"

"என்னது மேரி?"

"எம் பிள்ள சண்ட போடுதா டீச்சர்" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிவிட்டது. அன்றைக்கு டீச்சர் வீட்டுச் சட்டியில் கேட்டதைவிட அதிகமாகவே மீன் விழுந்தது.

நல்லது எதுவும் நிலைக்க விடுவார்களா? சறுக்குக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஒரு கூட்டம் உட்கார ஆரம்பித்தது. அந்த மூலை விளக்கை முதலில் கல்லால் அடித்து அணைத்தார்கள். பிறகு பாட்டில் வந்தது, பிறகு கெட்ட வார்த்தை வந்தது. குடித்து முடித்த பாட்டிலைச் சுவரில் அடித்து உடைப்பதில் என்ன சுகமோ, அந்தச் சுகத்தையும் விடவில்லை. பின்சுவர் இடிந்து தணிந்த இடத்தில் ஏறி வந்து அதே வழியில் போய்விடுவார்கள். யார் எவர் என்று கிட்டப் போய்ப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. ரோந்து வண்டி வந்தால் சுவரேறிக் குதிப்பதும், வண்டி போனதும் திரும்பி வருவதுமாக இருந்தார்கள்.

சறுக்கில் இறங்கிய வினோலியாவின் உள்ளங்காலில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறியது. ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதுகூடப் பிள்ளை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அதுதான் லூர்து மேரிக்குப் பயமாக இருந்தது. வலியில்கூட வாய் திறக்காத பிள்ளையை என்ன செய்வது? மற்றப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளைத் திடலுக்கு விடுவதை நிறுத்தினார்கள். ஊஞ்சலில் காக்கா உட்கார்ந்தது.

குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பாக்கியசீலன். தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பாட்டில் ஒருவர் அரை மாத்திரை பிந்தினாலும் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில் சங்கக் கூட்டம் கூடியது. லூர்து மேரியும் தன் கத்தோலிக்கக் கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு நேராக அங்கே வந்து நின்றாள்.

"பேசிப் பிரயோசனம் இல்ல. கேட்டப் பூட்டிருவோம். சாவி எங்கிட்ட இருக்கட்டும். உள்ளுக்குக் கார நிப்பாட்டிக்கிடலாம்" என்றார் பாக்கியசீலன். கார் வைத்திருந்தவர்களின் தலை உடனே ஆடியது.

"பூட்டுனா அவனுவ செவரேறிக் குதிப்பானுவ அண்ணாச்சி. பிள்ளைய குதிக்குமா?" என்று கேட்டாள் லூர்து மேரி.

பாக்கியசீலன் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "பெறவு என்னதான் செய்யச் சொல்லுத?"

"வார ஞாயித்துக்கெழம வரைக்கும் பூட்டாதிய. அன்னைக்கு மணல்ல ஒரு கண்ணாடித் துண்டு கெடந்தாலும் பூட்டு நான் வாங்கித் தாரேன்."

சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசிக்க ஆரம்பித்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் மீன் ஆயும்போது யோசனை வந்தது. அவள் ஊரில் கரைமடி இழுப்பார்கள். ஒரு கயிற்று நுனியைக் கரையில் கொடுத்துவிட்டு, படகு வலையைக் கடலில் வளைத்துப் போட்டுக்கொண்டே போய், இன்னொரு நுனியைத் தள்ளிக் கொண்டுவந்து கரையில் கொடுக்கும். இரண்டு கயிற்றிலும் இரண்டு கூட்டம். இழுக்க இழுக்க, இரண்டு கூட்டமும் பைய நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் மீன் சேர்ந்த பையான மடி கரைக்கு வந்துசேரும். ஒருத்தரும் மீனைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை.

லில்லி டீச்சரிடம் ஒரு கயிற்றைக் கொடுத்தாள், அதாவது கேட்டுப் பக்கத்தை. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தை முஃபீதாவிடம் கொடுத்தாள். முஃபீதா காயல்பட்டினத்துக்காரி. மாப்பிள்ளை துபாயில், அவள் இங்கே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

"கயிறு எங்க லாத்தா?" என்றாள் முஃபீதா. அவள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள்.

"கயிறு கெடையாது. கசேரிதான். சாயங்காலமானா ஆளுக்கொரு கசேரியத் தூக்கிட்டு வந்து உக்காரணும். வீட்டுச் சோலிய அங்கன வச்சுப் பாக்கணும். ஒவ்வொரு நாளும் கசேரி கொஞ்சம் முன்னால நகரும். அவனுவளப் பாக்கவும் கூடாது, பேசவும் கூடாது. அவனுவ ஏசுனா காதுல வாங்கவே கூடாது."

"நம்மள ஏதாவது செஞ்சுட்டானுவன்னா?" என்றார் லில்லி டீச்சர்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு டீச்சர். அதனாலதான் கூட்டமாப் போவோம்ங்கேன்."

மீன்காரிக்கு ஒரு வசதி. எந்த வீட்டில் யாருடைய பேச்சு எடுபடும் என்பது அவளுக்கு அத்துப்படி. நெத்திலி கேட்கிற வீட்டில் மருமகளிடம் சொன்னாள், சீலா கேட்கிற வீட்டில் மாமியாரிடம் சொன்னாள். முதல் நாள் சாயங்காலமே கேட்டுப் பக்கம் ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி, தொட்டிப் பக்கம் ஒரு வரிசை. ஒரு பக்கம் உள்ளி உரித்தார்கள், கீரை ஆய்ந்தார்கள். இன்னொரு பக்கம் முஃபீதா வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். லூர்து மேரி நடுவில் வாளியும் அரிவாள்மணையுமாக உட்கார்ந்து மறுநாளைக்கு ஊறுகாய் போட நெத்திலி ஆய்ந்தாள். காலில் கட்டோடு வினோலியா ஒரு நாற்காலியில் ஊமைபோல் உட்கார்ந்திருந்தாள்.

நெத்திலி வாசனைக்கு அந்த வட்டாரத்துப் பூனைகளெல்லாம் வந்தன. இங்கே மீன் கிடைக்காத பூனைகள் சறுக்குக்குப் பின்னால் போய்க் குடிகாரர்களின் பொரித்த கோழியில் கை வைத்தன. "சூ, போ சவமே" என்று அங்கே ஒரே கலவரம். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. நாற்காலிகள் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வந்த அன்று, "வீட்டுக்குப் போயிச் சோறு பொங்குங்க" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடவே ஒரு பாட்டில் உருண்டு வந்து நாற்காலிக் காலில் முட்டி நின்றது. லூர்து மேரிக்கு எழுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். பாட்டிலை எடுத்து வாளிக்குள் போட்டாள், நாற்காலியைத் தூக்கி ஒரு முழம் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஆத்திரத்தில் முஃபீதா பக்கம் மட்டும் கூடுதலாக நகர்ந்துவிட்டது.

"ஏட்டி, நீ ஏன் முந்துத? ஒரு பக்கம் முந்துனா மடி கவுந்துரும். பின்னால வா" என்று அவளுக்கு மட்டும் ஒரு ஏச்சு விழுந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு வரிசையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சறுக்கைச் சுற்றி அரைவட்டமாக நாற்காலி. சறுக்குக்குப் பின்னால் இருப்பவர்கள் இருமினால் கேட்கிற தூரம். பெண்கள் அரைவட்டத்தைக் கட்டிக்கொண்டு சுவர் இடிந்த இடம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டதால், வெளியே போக வேண்டுமானால் அவர்கள் முகத்துக்கு நேரேதான் போக வேண்டும். இனி நகர இடமில்லை. அடுத்து என்ன என்று லூர்து மேரி யோசித்து வைத்திருக்கவில்லை. உரிக்க உள்ளியும் இல்லை. ஒரே நிசப்தம்.

அந்த நிசப்தம் லில்லி டீச்சருக்குத் தாங்கவில்லை. பாளையங்கோட்டைக்காரர்களுக்குப் பயம் வந்தால் பாட்டு வந்துவிடும். டீச்சர் ஒரு ஞானப்பாட்டை மெல்ல எடுத்தார்.

கெட்டது குடி என்று நினைத்தாள் லூர்து மேரி. இவர்கள் பாட, அவன்கள் நக்கலடிக்க, இவர்கள் பதிலுக்கு ஏச, சண்டையாகி எல்லாம் நாசமாகப் போகிறது. "டீச்சர், பைய, பைய" என்று கையைக் காட்டினாள். யார் பார்த்தார்கள்? பாட்டு எடுத்த பிறகு இவர்களை நிறுத்த முடியுமா? தாலாட்டைக்கூட நாலு குரலாகப் பிரித்துப் பாடுகிற ஊர் இது. மேல்குரலை இரண்டு பேர் பிடித்தார்கள், அதற்குக் கீழே ஆல்டோ சேர்ந்தது. என்னதான் நடக்கிறது என்று வேவு பார்க்கக் குடையோடு கேட்டில் வந்து நின்ற பாக்கியசீலன் அண்ணாச்சி, தன்னையறியாமல் அங்கிருந்தே அடிக்குரலில் பேஸ் கொடுத்தார். இந்தப் பாட்டு எதையும் கேட்டறியாத லூர்து மேரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது அடியில் ஆண்களின் மேல்குரலான டெனர் மட்டும் தனியாக மேலே ஏற வேண்டிய இடம் ஒன்று வந்தது. டெனருக்கு ஆள் இல்லை. பாட்டு அந்த இடத்தில் ஓட்டை விழுந்து நிற்கப் போனது.

சறுக்குக்குப் பின்னாலிருந்து டெனர் வந்தது.

சுத்தமான குரல். குடித்த குரல்தான், ஆனால் சுருதி ஒரு நூல் பிசகவில்லை. அந்த அடியை முழுதாகப் பாடி முடித்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று பாடியவனுக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று நின்றது.

"லே, ஒனக்குக் கிறுக்கா" என்று பக்கத்திலிருந்தவன் அவனை அதட்டுவது கேட்டது.

"ஜாபேஸ்" என்றார் பாக்கியசீலன் கேட்டிலிருந்து. "ஜாபேஸ்தான் அது. அந்தக் குரல எனக்குத் தெரியாதா?"

லோடு ஆட்டோ ஓட்டுகிற ஜாபேஸ். பாடகர் குழுவில் இருந்தவன். ஒத்திகைக்குப் பிந்தி வருகிறான் என்று கிறிஸ்துமஸ் தனிப்பாட்டைப் பாக்கியசீலன் வேறொருவனுக்குக் கொடுத்துவிட, அன்றோடு கோயில் பக்கமே வராமல் போனவன். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றான்.

"அப்போ மத்தது யாரு?" என்று எழுந்தாள் அன்றைக்குத்தான் முதல்முதலாக நாற்காலி தூக்கி வந்திருந்த டார்லின். அதட்டிய குரல் அவளுக்கு எங்கேயோ இடித்திருக்கிறது. "ஏல, கிங்ஸ்டனா? நைட் ஷிப்டுன்னுல்லா சொல்லிட்டு வந்த?"

பெற்ற தாய் வெறும் உள்ளித் தட்டோடு நிற்க, கிங்ஸ்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். கூட இருந்த இன்னும் ஒருவன் பின்னாலேயே வந்தான். அவனுக்கு வேறு வழியில்லை.

அதுவரை அடக்கி வைத்திருந்த நாக்கை லூர்து மேரி இப்போதுதான் அவிழ்த்தாள். கத்தவில்லை. வினோலியாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இங்கன வந்து பாருங்கலே. நீங்க ஒடச்ச கண்ணாடி இது. தையல் போடும்போதுகூட எம் பிள்ள வாயத் தொறக்கல. அவ பேசுனதே இந்த எடத்துல மட்டுந்தான். அதையும் நீங்க புடுங்கிட்டிய."

ஜாபேஸ் காலைப் பார்த்தான். பாட்டில் கை மாறிக் கை மாறி, கடைசியில் மணலில் போய் நட்டுக்கொண்டு நின்றது. "பிள்ள காலு இதுன்னு தெரியாதுக்கா. பாட்டில ஒடைக்கது கிங்ஸ்டன்தான்."

"என்னலே, என்னய மாட்டிவிடுத? போன வாரம் யாரு ஒடச்சது?" என்றான் கிங்ஸ்டன்.

"ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க" என்றாள் லூர்து மேரி. "நாளைக்குக் காலைல வாங்க. இந்த மணல் பூராத்தையும் சலிக்கணும். சலிச்சு முடிச்சாச்சுன்னு வாயால சொல்லக் கூடாது. ஞாயித்துக்கெழம ஊரு பாக்க, செருப்பில்லாம நடந்து காட்டணும்."

"வெறுங்காலோடயா?" என்றான் கிங்ஸ்டன்.

"எம் பிள்ள வெறுங்காலோடதான் வந்தா" என்றாள் அவள். அவன் தலையை ஆட்டினான். டார்லின்தான் மகனிடம் இன்னும் பேச வேண்டியிருந்தது. அதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசினாள்.

சனிக்கிழமை ஜாபேஸின் லோடு ஆட்டோவில் கட்டட வேலைச் சல்லடைகள் வந்திறங்கின. பகல் முழுக்கச் சலித்தார்கள். வாளி வாளியாகக் கண்ணாடி. தாங்கள் உடைத்தது இவ்வளவா என்று கிங்ஸ்டனுக்கே ஒரு கட்டத்தில் முகம் செத்துவிட்டது. லூர்து மேரி குடை பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தச் சறுக்கு அடியில இன்னொரு மட்டம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மதியம் சாளைக் குழம்பும் சோறும் அவள் வீட்டிலிருந்தே வந்தன. வேலை வாங்கத் தெரிந்தவளுக்குச் சோறு போடவும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டதும் சங்கம் முழுவதும் திடலுக்கு வந்துவிட்டது. பாக்கியசீலனின் சட்டைப் பை புடைத்திருந்தது. முன்யோசனைக்காரர், பூட்டைத் தானே கொண்டுவந்திருந்தார்.

மூன்று பேரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் நடந்தார்கள். குறுக்கே நடந்தார்கள், நெடுக்கே நடந்தார்கள். "சறுக்கு அடியில?" என்றார் பாக்கியசீலன். ஜாபேஸ் அங்கே போய் நின்று குதித்தே காட்டினான்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு எட்டு நடந்து பாத்தியன்னா நல்லாயிருக்கும்" என்றாள் லூர்து மேரி.

ஊர் பார்க்கிறது, மறுக்க முடியுமா? கோயிலுக்குப் போட்டுவந்த பளபளப்பான ஷூவைக் கழற்றினார், சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தார், பேன்டை மடித்துவிட்டார். வெயிலே படாத வெள்ளைக் கால். ஒவ்வோர் அடியாக வைத்து நடுவில் போய் நின்றார். மணல் இதமாக இருந்திருக்க வேண்டும், விரல்களை மெல்ல உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு ஜாபேஸைப் பார்த்து, "வெள்ளிக்கெழம ஒத்திகைக்கு வா. லேட்டா வந்தா கோயில் கேட்டப் பூட்டிருவேன்" என்றார். ஜாபேஸ் தலையைச் சொறிந்துகொண்டான்.

பெரியவர்கள் முடிவு சொல்லும்வரை பிள்ளைகள் காத்திருப்பார்களா? கூட்டத்தின் ஓரத்தில் கல்லா மண்ணா தொடங்கிவிட்டது. பிடிக்கிறவன் "மண்ணு" என்று கத்தினான், இனி மண்ணில் நிற்கிறவரைத் தொட்டுப் பிடிக்கலாம். பிள்ளைகளெல்லாம் கல்கட்டின் மேல் தாவி ஏறிக்கொண்டார்கள்.

வினோலியா மட்டும் எதிலும் சேராமல் கல்கட்டின் மேல் நின்றாள். கட்டுப் பிரித்த காலில் செருப்பு இருந்தது. அவள் மணலைப் பார்ப்பதும் காலைப் பார்ப்பதுமாக நின்றாள். லூர்து மேரிக்கு ஓடிப்போய்த் தூக்கி இறக்கிவிட வேண்டும்போல் இருந்தது. மணலைச் சலிக்க முடிந்தது, கூட்டத்தை நகர்த்த முடிந்தது. இந்த ஒன்றை மட்டும் அவளால் இழுக்க முடியாது. சேலை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

வினோலியாவின் பார்வை பாக்கியசீலனிடம் போய் நின்றது. அத்தனை பேரும் கல்லில் நிற்க, மனிதர் பேன்டை மடித்துக்கொண்டு மணலுக்கு நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார். பிடிக்கிறவன் பெரியவரைத் தொடலாமா கூடாதா என்று தயங்கி நின்றான். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம்தானே.

"ஏல, அந்தத் தாத்தா மண்ணுலதான நிக்காவ. புடில."

வேப்பமரத்துக் காக்கா பறந்துவிட்டது. பிடிக்கிறவன் ஓடினான். பாக்கியசீலன் ஒரு கணம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, பூட்டு இருந்த பையைக் கையால் பிடித்துக்கொண்டு கல்கட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினார். "விடாத, விடாதல" என்று கத்திக்கொண்டே வினோலியா செருப்பை உதறிவிட்டு மணலில் குதித்தாள்.

லில்லி டீச்சர் லூர்து மேரியின் தோளைப் பிடித்தார். "மேரி, கேட்டியா?"

லூர்து மேரி சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்ட போடுதா டீச்சர்" என்றாள்.